காருக்குள் இரைச்சலைக் குறைந்த செலவில் குறைப்பது எப்படி? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் புதுக் காரின் விலை பலருக்கு எட்டவில்லை. அதனால் எங்கள் ஊரில் இன்னும் பழைய ஆல்ட்டோவும் விட்ஸும் நிசான் மார்ச்சும்தான் அதிகம் ஓடுகின்றன. ஊருக்குள் ஓடும்போது சத்தம் பெரிதாகத் தெரியாது. ஏ9 வீதியில் ஏறிக் கொழும்புக்குப் போனால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கிளிநொச்சி தாண்டுவதற்குள் பின்னால் இருப்பவர்களோடு கத்திக் கதைக்க வேண்டி வரும். இந்த இரைச்சலை அதிகம் செலவில்லாமல் குறைக்கலாம். எல்லா இடத்திலும் எதையாவது ஒட்டத் தேவையில்லை. சத்தம் வரும் வழியைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சரியான பொருளைக் கொஞ்சம் போட்டாலே போதும்.

முதலில் எந்தப் பொருளை வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு பொழுது ஒதுக்கிக் காரைக் கேளுங்கள்.

காரை நிறுத்தி வைத்து, ஓடும்போது இருக்கும் அதே வேகத்துக்கு எஞ்சினை முறுக்குங்கள். அதே இரைச்சல் நின்ற இடத்திலேயே வந்தால் அது எஞ்சின் அல்லது சைலன்சர். வரவில்லை என்றால் ரயர் அல்லது காற்று. வழுவழுப்பான காபெற் வீதியிலிருந்து கல் கிளம்பிய ஒழுங்கைக்குள் இறங்கியதும் சத்தம் மாறினால் அது ரயர். வேகம் 80 ஐத் தாண்டும்போது மட்டும் யன்னல் பக்கம் ‘உஸ்’ என்று கேட்டால் அது காற்று. காற்று எந்தக் கதவால் வருகிறது என்று பார்க்க, பெயின்ற் அடிப்பவர்கள் ஒட்டும் காகித ரேப்பைக் கதவு இடுக்கின்மேல் வெளிப்பக்கமாக ஒட்டி ஓடிப் பாருங்கள். ரேப் ஒட்டிய பக்கத்தில் சத்தம் குறைந்தால் ஓட்டை அங்கேதான்.

இதில் சில, ஒட்டுவதால் தீராத சத்தங்கள். வளைவில் திரும்பும்போது கூடிக் குறையும் முனகல் பெரும்பாலும் வீல் பெயாரிங். ஏசி போட்டதும் கார் முழுவதும் நடுங்கினால் எஞ்சின் மவுண்ட் போயிருக்கலாம். சைலன்சர் ஓட்டை பற்றிச் சொல்லவே தேவையில்லை. அந்தப் புகை உள்ளே வந்தால் உயிருக்கே ஆபத்து, உடனே சரிபார்க்க வேண்டும். ரயரையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 1519 என்றால் 2019 ஆம் ஆண்டின் 15 ஆவது கிழமையில் செய்தது. வீதியில் படும் பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய ரயர் இறுகிப் போய்விடும். இறுகிய ரயர் இரையும். அதற்காகக் காருக்குள் எத்தனை சத்தம் குறைக்கும் ஷீற் ஒட்டினாலும் அந்தக் காசு வீண்.

மிக மலிவான வேலை எது?

கதவு றப்பர். என் அபிப்பிராயத்தில் இதைப்போல் காசுக்குப் பலன் தரும் வேலை வேறு இல்லை, ஆனால் யாரும் இதில் தொடங்குவதில்லை.

சத்தத்துக்கு ஓட்டை சின்னதா பெரிதா என்ற கணக்கு நாம் நினைப்பது போல் இல்லை. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், அந்தத் தடுப்பு எவ்வளவு கனமானதாக இருந்தாலும் அதனால் 20 டெசிபெலுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) மேல் மறைக்க முடியாது. கதவு றப்பர் ஒரு மூலையில் சப்பையாகிக் கிடந்தால், கதவுக்குள் ஒட்டிய விலைகூடிய ஷீற் எல்லாம் அந்த மூலையில் தோற்றுப் போகும்.

ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இழுபடாமல் இறுக்கமாக நின்றால் நல்லது. தாராளமாக வந்தால் அந்த இடத்தில் றப்பர் வேலை செய்யவில்லை. கதவைச் சுற்றிலும் இப்படிப் பாருங்கள். புது றப்பர் வாங்க முடியாவிட்டால் உடைத்து விற்கும் கார்களின் றப்பர் கிடைக்கும். கொழும்பில் பஞ்சிகாவத்தை, இங்கே ஸ்ரான்லி வீதிப் பக்கக் கடைகளில் விசாரிக்கலாம். வாங்கும்போது கையால் நசுக்கிப் பாருங்கள், விட்டதும் பழைய உருவத்துக்கு வர வேண்டும்.

அப்புறம் எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர். வயர், கேபிள், ஏசிக் குழாய் எல்லாம் அதைத் துளைத்துத்தான் வருகின்றன. செற், அலாரம் பூட்டியவர்கள் துளைத்துவிட்டு அடைக்காமல் விட்ட ஓட்டைகள் எங்கள் ஊர்க் கார்களில் நிறைய உண்டு. பகலில் உள்ளே குனிந்து படுத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியும். ஏற்ற அளவில் றப்பர் வளையம் வாங்கிப் போடுங்கள்.

பியூட்டில் ஷீற் என்கிறார்களே, அது என்ன செய்கிறது?

ஒரு பக்கம் ஒட்டும் கறுப்பு றப்பர்க் களி, மறுபக்கம் அலுமினியத் தாள். வழக்கமாக 2 மில்லிமீற்றர் தடிப்பு. அது சத்தத்தை மறைப்பதில்லை, தகரம் அதிர்வதை நிறுத்துகிறது. கோயில் மணியை அடித்துவிட்டு உடனே கையால் பிடித்தால் நாதம் அடங்குகிறதே, அதே வேலை. தகரம் வளைய முயலும்போது களி இழுபடுகிறது, மேலே இருக்கும் அலுமினியம் இழுபட மறுக்கிறது. நடுவில் அகப்பட்ட களியில் அதிர்வின் சக்தி வெப்பமாகிப் போய்விடுகிறது. அலுமினியம் இல்லாத வெறும் களிக்கு இந்தத் திறன் மிகவும் குறைவு.

இதில்தான் காசு மிச்சம் பிடிக்கலாம். அதிர்வை அடக்கத் தகரம் முழுவதையும் மூடத் தேவையில்லை. ஒரு தகரப் பரப்பின் நடுவில், அது அதிகம் ஆடும் இடத்தில், நாலில் ஒரு பங்கை மூடினாலே பெரும்பகுதிப் பலன் வந்துவிடும். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று ஒலித்தால் ஒட்ட வேண்டிய இடம். ‘தொப்’ என்றால் கொம்பனியே ஏதோ ஒட்டியிருக்கிறது, விட்டுவிடுங்கள். சின்னக் காரின் ஒரு கதவுக்கு வெளித்தகரம் ஏறத்தாழ 5, 6 சதுர அடி. அதில் ஒன்றரைச் சதுர அடி ஒட்டினால் போதும். முழுக் காரையும் பொதிந்து தருகிறோம் என்று விலை சொல்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கூரை ஒழுக்குக்கு ஒட்டும் வெள்ளி ரேப் அதே மாதிரித்தானே இருக்கிறது? விலையும் குறைவு.

பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அதில் இரண்டு சாதி உண்டு: பியூட்டில் களி உள்ளது ஒன்று, தார் உள்ளது மற்றது. பியூட்டில் ரேப் என்றால் தாராளமாகப் பாவிக்கலாம். தார் ரேப் குளிர்நாட்டில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். எங்கள் சித்திரை வெயிலுக்குச் சரிவராது. நிறுத்தி வைத்த காரின் கூரைத் தகரமும் டாஷ்போர்டும் 70 பாகை செல்சியஸ் வரை சூடாகலாம். அந்தச் சூட்டில் தார் இளகி வழிந்து கதவின் அடியில் சேரும், கண்ணாடி ஏறி இறங்கும் பாதையில் பிசுபிசுக்கும், காருக்குள் வீதி போடும் மணம் அடிக்கும். திரும்பச் சுரண்டி எடுக்கிற கூலி, மிச்சம் பிடித்த காசைவிடக் கூட.

எது எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு துண்டைக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் ஒரு இரவு வைத்து எடுத்து மடியுங்கள். தார் வெடித்து முறியும், பியூட்டில் வளையும். பிறகு இன்னொரு துண்டைப் பழைய தகரத்தில் ஒட்டி, தகரத்தை நிமிர்த்தி, இரண்டு மூன்று நாள் மத்தியான வெயில் படும்படி விடுங்கள். ஒரு நூல்கூட இறங்காமல் இருந்தால் வாங்குங்கள். கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் இந்தச் சோதனையை மட்டும் நம்புங்கள்.

பழைய ரயர் ரியூப்பும் பியூட்டில்தானே? அதை வெட்டி ஒட்டினால்?

கெட்டிக்காரத்தனமான கேள்வி. உண்மைதான், காற்றைப் பிடித்து வைக்கும் குணத்துக்காகவே ரியூப்பைப் பியூட்டிலில் செய்கிறார்கள். ஆனால் ரியூப்பில் உள்ளது சூட்டில் பதப்படுத்தி இறுக்கிய றப்பர். ஷீற்றில் உள்ளது பதப்படுத்தாத களி. ரியூப் தானாக ஒட்டாது, மேலே அலுமினியமும் இல்லை. பசை போட்டு ஒட்டினாலும் ஷீற் தரும் பலனில் சிறு பங்குதான் கிடைக்கும். வெயிலில் பசை விட்டு அது கதவுக்குள் விழுந்தால் கண்ணாடி சிக்கும். ரியூப்புக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது: ஒன்றோடொன்று முட்டி நடுங்கும் கதவுக் கம்பி, ஸ்பெயார் வீல், ஜக் போன்றவற்றுக்கு நடுவில் துண்டு வெட்டி வையுங்கள். பாதி ‘கடகட’ அதிலேயே போய்விடும்.

தும்பு, சாக்கு, பழைய துணி?

நாரும் பஞ்சும் சத்தத்தை உறிஞ்சும் பொருட்கள்தான். அந்தக் காலத்து ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் காபெற்றுக்குக் கீழே சணல் ஃபெல்ட்தான் இருந்தது. ஆனால் அவை ஈரத்தையும் உறிஞ்சும். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய் வரும் காருக்கு உப்புக் காற்று, கார்த்திகையில் காலோடு வரும் மழைத்தண்ணீர். தும்பு அந்த ஈரத்தைத் தகரத்தோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளும். தளம் உள்ளிருந்தே துருப்பிடிப்பது வெளியே தெரியாது, தெரியும்போது வெல்டிங் வேலை வந்துவிடும்.

ஆகவே கதவுக்குள்ளும் தளத்திலும் தும்பு, சாக்கு வேண்டாம். அந்த இடங்களுக்குச் செயற்கை நாரில் செய்த ஃபெல்ட் நல்லது. ஊறினாலும் உக்காது, வெயிலில் போட்டால் காயும். குஷன் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள், கிடைக்கும். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் உடைத்த கார்களிலிருந்து கழற்றிய கொம்பனிக் காபெற் வாங்கலாம். பெரிய கார்களின் காபெற்றுக்கு அடியில் கனமான றப்பர்ப் படையும் தடித்த ஃபெல்ட்டும் சேர்ந்தே வரும். அதை வெட்டிப் பொருத்தினால் புதுப்பொருள் வாங்கியதற்குக் குறையாத பலன்.

ரெஜிபோம், முட்டைத் தட்டு, டப்பாவில் வரும் ஸ்பிரே போம்?

மூன்றும் வேண்டாம். பெட்டிகளில் பொருட்களைப் பொதிந்து வரும் வெள்ளை ரெஜிபோமில் கனமும் இல்லை, உறிஞ்சும் துளையும் இல்லை. மஞ்சள் பசை பட்டால் கரைந்துபோகும், நெருப்புக்குப் பயப்பட வேண்டிய பொருள். முட்டைத் தட்டு வெறும் காகிதம். ஸ்பிரே போம் கதவுக்குள் ஊதினால் தண்ணீர் வழியும் பாதையை அடைத்துத் துருவை அழைக்கும், கண்ணாடி மோட்டாரையும் விழுங்கும்.

நெருப்பு விஷயத்தை இன்னும் ஒரு வரி சொல்ல வேண்டும். காருக்குள் பாவிக்கும் துணி, பஞ்சு நிமிடத்துக்கு 102 மில்லிமீற்றருக்கு மேல் எரிந்து பரவக்கூடாது என்று அமெரிக்க மோட்டார் வாகனப் பாதுகாப்பு விதி 302 சொல்கிறது. எங்கள் ஊர்க் கடைகளில் விற்கும் பொருளில் அப்படி ஒரு முத்திரை இருக்காது. எதை வாங்கினாலும் ஒரு சின்னத் துண்டை வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். நெருப்பை எடுத்ததும் அணைந்தால் பரவாயில்லை. சடசடவென்று உருகிச் சொட்டிக்கொண்டு எரிந்தால் உங்கள் பிள்ளைகள் ஏறும் காருக்குள் அது வேண்டாம்.

ஸ்பொஞ்சும் யோகாப் பாயும் சத்தத்தை நிறுத்துமா?

தனியே நிறுத்தாது. 100 ஹெர்ட்ஸ் ரயர் முனகலின் அலை நீளம் 3.4 மீற்றர், ஒரு சென்ரிமீற்றர் ஸ்பொஞ்சு அதற்கு ஒன்றுமே இல்லை. கீச்சான சத்தத்தைத்தான் ஸ்பொஞ்சு உறிஞ்சும். தாழ்ந்த இரைச்சலைத் தடுக்கக் கனம் வேண்டும்: தடுப்பின் கனத்தை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும்.

யோகாப் பாய் போன்ற மூடிய துளைப் போம் தண்ணீர் குடிக்காது என்பதால் தளத்துக்கு உதவும். அதைக் கீழே விரித்து, மேலே கனமான றப்பர்ப் பாயை இடைவெளி இல்லாமல் போட்டால் நல்ல தடுப்பு. போம் றப்பரைத் தகரத்திலிருந்து பிரித்து வைக்கிறது, றப்பர் கனத்தைக் கொடுக்கிறது. இயற்கை றப்பர் சில கிழமைகளுக்கு மணக்கும். வாங்கியதும் முற்றத்தில் நிழலில் விரித்து ஆறவிட்டுப் பிறகு போடுங்கள். சைலன்சர் குழாய் போகும் நடுமேட்டில் மட்டும் போம் வைக்க வேண்டாம், சூட்டில் சுருங்கும்.

கதவுக்குள் நானே ஒட்டலாமா?

ஒட்டலாம், பொறுமை இருந்தால். உள்தட்டைக் கழற்றும் முன் பிளாஸ்ரிக் கிளிப் சில வாங்கி வையுங்கள், பழையவை கட்டாயம் முறியும். தட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிபவர்கள்தான் அதிகம். அது தூசிக்காக வைத்த தாள் அல்ல. கண்ணாடி இடுக்கால் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். பத்திரமாகக் கழற்றித் திரும்ப ஒட்டுங்கள், கிழிந்தால் தடித்த பொலித்தீன் வெட்டிப் போடுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளைகள் இருக்கும். அவற்றை ஒருபோதும் மூடக்கூடாது.

தகரத்தைத் தின்னரால் துடையுங்கள். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலம் விடும், அதன்மேல் ஒன்றும் ஒட்டாது. ஷீற்றைச் சூடாக்க ஹீற் கன் தேவையில்லை, ஒட்டும் முன் சற்றுநேரம் வெயிலில் வைத்தால் போதும். ஒட்டியபின் சின்ன உருளையால் நன்றாக அழுத்துங்கள். கீழே காற்று அகப்பட்டால் அந்த இடம் வேலை செய்யாது. அலுமினிய ஓரம் கையைக் கிழிக்கும், கையுறை போடுங்கள்.

மழைக்குக் கூரை ‘தடதட’ என்கிறது. வெயிலுக்கும் தாங்க முடியவில்லை.

மழைச் சத்தத்துக்குப் பியூட்டில் நல்ல மருந்து, ஏனென்றால் அது தகரம் அதிரும் சத்தம். நடுவில் நாலைந்து துண்டு போதும். வெயிலுக்குத் தகரக் கூரை வீட்டுக்குப் போடும் வெள்ளித்தாள் போம் உதவும், ஆனால் வெள்ளிப் பக்கத்துக்கு முன்னால் கொஞ்சம் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் திருப்பும். கூரை ஓரங்களிலும் கண்ணாடித் தூண்களிலும் காற்றுப்பை உள்ள கார் என்றால் அந்த ஓரங்களைத் தொட வேண்டாம்.

ஹைபிரிட் காரில் செய்யலாமா?

செய்யலாம், பற்றரி எங்கே என்று தெரிந்துகொண்டு. டொயோட்டா அக்வாவில் அது பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது, அதைக் குளிர்விக்கும் காற்று பின் ஆசனப் பக்கத்துச் சல்லடையால் போகிறது. அதைக் காபெற்றாலோ ஃபெல்ட்டாலோ மூடினால் பற்றரியின் ஆயுளைக் குறைக்கிறீர்கள். செம்மஞ்சள் நிற வயர் தெரியும் இடத்தில் கை வைக்க வேண்டாம், அது உயர் மின்னழுத்தம்.

ஹைஏஸ் வானுக்கு?

எஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே என்பதால் வேலை முழுவதும் அங்கேதான். எஞ்சின் மூடியின் ஓர றப்பரை முதலில் மாற்றுங்கள். மூடியின் உள்பக்கம் சூடு தாங்கும் கண்ணாடி நார்ப் பாய், வெள்ளித்தாள் எஞ்சினைப் பார்த்தபடி. ஸ்பொஞ்சும் தாரும் அங்கே கூடாது.

அப்பா காலத்து ஒஸ்ரின் ஏ40 இருக்கிறது. அதற்கு?

அந்தக் கார்கள் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி ஊரைச் சுமந்தவை. அவற்றைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். தகரம் தடிப்பு, அதனால் பியூட்டில் குறைவாகவே வேண்டும். சத்தம் வருவது பெரும்பாலும் கியர் தடிக்குக் கீழேயுள்ள கிழிந்த றப்பராலும், தகரச் சுவர் ஓட்டைகளாலும், தளத்தின் துருத் துளைகளாலும்தான். துருவை வெட்டி எடுத்து, வெல்ட் பண்ணி, பெயின்ற் அடித்தபின் ஃபெல்ட் போடுங்கள். அந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

ஆட்டோவுக்கு?

இரு பக்கமும் திறந்திருக்கும்போது எதை ஒட்டியும் பலன் இல்லை. சைலன்சரையும் எஞ்சின் மவுண்டையும் பாருங்கள்.

சத்தம் குறைந்தால் ரயில் வருவது கேட்காமல் போகாதா?

நியாயமான பயம். 2014 இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தபின் பாதுகாப்பற்ற கடவைகளில் போன உயிர்களை நாங்கள் மறக்க முடியாது. ஆனால் யன்னல் மூடி, ஏசியும் பாட்டும் போட்ட எந்தக் காரிலும் ரயில் சத்தத்தை நம்ப முடியாது, ஷீற் ஒட்டியிருந்தாலும் ஒட்டாவிட்டாலும். கடவைக்கு முன் நிறுத்துங்கள், பாட்டை நிறுத்துங்கள், யன்னலை இறக்குங்கள், இரு பக்கமும் கண்ணால் பாருங்கள்.

கடைசியில் எவ்வளவு குறையும்?

பத்து டெசிபெல் குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தெரியும். சின்னக் காரில் அவ்வளவை எதிர்பார்க்க வேண்டாம். மூன்று டெசிபெல் குறைந்தாலே ஆட்கள் கவனிப்பார்கள். போனில் உள்ள சத்தமானி சரியான எண்ணைக் காட்டாவிட்டாலும் வித்தியாசத்தைக் காட்டும். ஒரே வீதியில், ஒரே வேகத்தில், யன்னல் மூடி, ஏசி நிறுத்தி, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். அதைவிட முக்கியம், தாழ்ந்த முனகல் குறைந்தால் எண் அதிகம் மாறாவிட்டாலும் தலை இடிப்பது குறையும்.

கையில் கொஞ்சக் காசுதான். எந்த ஒழுங்கில் செய்வது?

கதவு றப்பரும் ஓட்டைகளும் முதலில். பிறகு பின் சில்லுக் கூடும் ஸ்பெயார் வீல் குழியும். சின்னக் கார்களில் ரயர் சத்தம் அதிகம் ஏறி வருவது அங்கேயிருந்துதான், அந்த இடத்துக்கு மட்டும் பியூட்டிலைத் தாராளமாகப் போடலாம். அடுத்த சம்பளத்தில் முன் கதவுகள். தளம் கடைசி, ஏனென்றால் ஆசனமெல்லாம் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் ஓடிப் பாருங்கள். போதும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள்.

எல்லாம் முடிந்தபின் முன்பு இல்லாத ‘கிரீச்’ சத்தம் வருகிறது. ஏன்?

அது முன்பும் இருந்தது, பெரிய இரைச்சல் அதை மறைத்தது. பிளாஸ்ரிக்கும் பிளாஸ்ரிக்கும் உரசும் இடத்தில் மெல்லிய ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள். கதவுத் தட்டிலிருந்து வந்தால் ஏதோ ஒரு கிளிப் சரியாகக் கொளுவவில்லை. கையால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே போங்கள், ‘டிக்’ என்று விழும் இடம்தான் அது.